நாளுக்கொரு சீட்டு: டாரட் வாசிப்பைக் குறித்து ஒரு திறனாய்வு

காலையில் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவி, அதிலுள்ள படத்தில் அன்றைய நாளின் பொருளைத் தேடும் வழக்கம் மேனாடுகளில் பரவியுள்ளது. இதனைப் பிசாசின் வேலை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுதல் எளிது. அவ்வாறு தள்ளுவோர் அப்படங்களை உற்று நோக்கியிருப்பாரா என்பது ஐயமே.

டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் தோன்றிய சீட்டாட்டம். அது பண்டை எகிப்தியரின் மறைநூல் என்று 1781இல் பிரான்சில் கூர் தெ ழெபெலான் எழுதிய பின்னரே குறி சொல்லும் கருவியாகப் பெரும்புகழ் பெற்றது. இன்று மிகுதியாக வழங்குவது 1909இல் இலண்டனில் வெளியான 78 சீட்டுகள் கொண்ட கட்டு. ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, பமீலா கோல்மன் ஸ்மித் என்னும் ஓவியர் வரைந்தார். வெயிட் எகிப்தியக் கதையை மறுத்தவர். குறி சொல்வதைத் தாழ்வாகவே கருதியவர். இருந்தும் தம் நூலில் ஒவ்வொரு சீட்டுக்கும் குறிப்பொருள் எழுதிவைத்தார். வாங்குவோர் அதைத்தானே கேட்பர்!

மரணம் என்னும் 13ஆம் சீட்டைக் காண்போம். கவசமணிந்த எலும்புக்கூடு வெண்குதிரைமேல் வருகிறது. அரசன் வீழ்ந்து கிடக்கிறான். ஆயர் கைகூப்பி நிற்கிறார். பெண்ணொருத்தி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். குழந்தை மட்டும் அஞ்சாது ஏறிட்டுப் பார்க்கிறது. முடிவு, சாவு, அழிவு என்றே வெயிட் இதற்குப் பொருள் கூறினார். பிற்காலக் கையேடுகளோ 'மாற்றம்' என்கின்றன; பழைய வேலை போய்ப் புதியது வரலாம் என்று ஆறுதல் கூறுகின்றன. ஓவியர் வரைந்தது அதுவன்று.

நியாயத்தீர்ப்பு என்னும் 20ஆம் சீட்டில் இழப்பு இன்னும் பெரிது. தூதன் எக்காளம் ஊதுகிறான்; அதில் சிலுவைக்கொடி தொங்குகிறது. ஆணும் பெண்ணும் குழந்தையும் பெட்டிகளிலிருந்து கைகளை விரித்து எழுகின்றனர். அவர்களுக்குப் பின்னே வேறு சிலரும் எழுகின்றனர். மரித்தோர் கூட்டமாக எழும் காட்சி இது. நாள்வாசிப்பில் இது 'உன்னை நீயே மதிப்பிட்டுக்கொள்' என்றாகிறது. நியாயாதிபதி இல்லை, அயலானும் இல்லை. சீட்டும் நானுமே எஞ்சுகிறோம். எதிர்காலத்தைப் பொய்யாய் உரைப்பதைக் காட்டிலும் இதுவே டாரட் வாசிப்பின் பெருங்குறை எனலாம். எதிர்காலம் உரைப்பதாக இன்றைய வாசிப்பாளர் பலர் உரிமை கோருவதும் இல்லை.

சீட்டெடுப்பதே குற்றமெனின், சீட்டுப்போட்டு மத்தியாவைத் தெரிந்துகொண்டோரும் தப்பார். ஹெர்ன்கூட் நகரின் மொரேவிய சபையார் (1760இல் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறியவர்கள்) 1731 முதல் அச்சிட்டுவரும் நாள்வசனங்களும் சீட்டால் எடுக்கப்படுபவையே. ஆயினும் ஒரு நாளுக்கென எடுத்த வசனத்தை அந்நாளில் சபையார் அனைவரும் வாசிக்கின்றனர். எனக்கென்று வந்தது என எவரும் அதைத் தனியே கொண்டுபோக இயலாது.

நம் புத்தாண்டு ஆராதனையில் வழங்கப்படும் வாக்குத்தத்த அட்டைகள் இவ்விரண்டில் எதனை ஒத்தவை? ஆளுக்கொன்றை உருவி, 'இவ்வாண்டு எனக்கு' என்கிறோம். டாரட் சீட்டுகளிடையேனும் இடி விழுந்த கோபுரமும் மரணமும் உண்டு. நம் அட்டைகளில் கசப்பான வசனத்தைக் காண்பது அரிது. எரேமியா 29:11 ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் கையில் வந்துவிடுகிறது. பாபிலோனில் 70 ஆண்டுகள் நிறைவேற வேண்டும் என்னும் 10ஆம் வசனத்தை அந்த அட்டையில் அச்சிடுவார் இல்லை.