அலி நதீமுக்கு ஒரு ஸலாம்

சிறுபராயத்தில் சிரித்த பகிடிகளை வளர்ந்த பின் மீளப் பார்ப்பது சற்று ஆபத்தான காரியம். சிரிப்பு வராவிட்டால் பகிடி பழசாகிவிட்டது என்று ஆறுதல் கொள்ளலாம். சிரிப்பும் வந்து, அதன் பின்னாலேயே வெட்கமும் வந்தால் என்ன செய்வது?

ரூபவாஹினி 1982இல் தொடங்கிய பின், எங்கள் தெருவில் தொலைக்காட்சி இருந்த ஒரேயொரு வீட்டின் விறாந்தையில் நெருக்கியடித்துக்கொண்டு நாங்கள் பார்த்த தொடர் 'மைன்ட் யுவர் லாங்குவேஜ்'. ஆங்கிலம் தெரியாதவர்களைப் பார்த்து, ஆங்கிலம் தெரியாத நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சிங்களப் பேச்சு வழக்கில் ஆங்கிலத்துக்குக் 'கடுவ' என்றொரு பட்டப்பெயர் உண்டு. வாள் என்று பொருள். அந்த வாள் எங்களை நோக்கியும்தான் நீண்டிருந்தது என்பது அப்போது விளங்கவில்லை.

லண்டனில் ஒரு மாலை வகுப்பு. பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஆங்கிலம் படிக்கிறார்கள். பெரி எவன்ஸ் நடித்த ஜெரமி பிரவுன்தான் ஆசிரியர். லாஹூரிலிருந்து வந்த அலி நதீமும், பஞ்சாபின் ரஞ்சித் சிங்கும் ஓயாமல் முட்டிக்கொள்வார்கள். வின்ஸ் பவல் எழுதிய இத்தொடரை லண்டன் வீக்கென்ட் டெலிவிஷன் 1977 முதல் 1979 வரை 29 அங்கங்களாக ஒளிபரப்பியது. பார்வையாளர் குறைந்ததால் அது நிற்கவில்லை. அதன் இனச் சித்திரிப்பு புண்படுத்துவதாகக் கருதி மைக்கல் கிரேட் நிறுத்தினார். 1986இல் மேலும் 13 அங்கங்கள் வந்தன.

தொடரின் பக்கம் சில நியாயங்கள் உண்டு. மாணவர்கள் சண்டையிடுவார்கள், ஆனால் வெறுப்பதில்லை. ஆசிரியர் அவர்களைக் கேலி செய்து மகிழ்பவரல்லர். அதைவிட முக்கியமானது சிட் என்ற பராமரிப்பாளன் பாத்திரம். லண்டனிலேயே பிறந்த அவனது ஆங்கிலம் வகுப்பில் சொல்லித்தரும் ஆங்கிலமாக இல்லை. 'சரியான ஆங்கிலம்' என்பது ஆங்கிலேயர் எல்லோருடைய வாயிலும் இல்லை என்ற உண்மை அவனால் தெரியவருகிறது. இந்த நூலைப் பவல் தொடர்ந்து இழுத்திருந்தால் வேறொரு படைப்புக் கிடைத்திருக்கும்.

அவர் இழுக்கவில்லை. மூன்று பருவங்கள் கடந்தும் அலியின் ஆங்கிலம் பெரிதாகத் தேறவில்லை. தேறினால் பகிடி செத்துவிடும். கற்பதற்கென்று வந்தவன் கற்காமலிருந்தால்தான் தொடர் வாழும் என்பதே இதன் அடிப்படைக் கோளாறு. ஜமீலா வகுப்பில் கம்பளி நூல் பின்னிக்கொண்டிருப்பாள். அவளுடைய மொழியில் அவள் கெட்டிக்காரியா, கவிதை தெரிந்தவளா என்று தொடர் ஒருபோதும் கேட்பதில்லை. 1947இல் இரத்தத்தில் பிளந்த ஒரே பஞ்சாபின் இரு மனிதர்கள் அலியும் ரஞ்சித்தும். அந்தக் காயம் இங்கே வகுப்பறைச் சச்சரவாகச் சுருங்கிவிடுகிறது.

இதை நான் கோட்பாடு படித்து உணர்ந்தேன் என்று சொன்னால் அது பொய். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் ஒரு நாள், விரிவுரையாளர் ஒருவரிடம் "இன்னொருக்கா செல்லுங்க சேர்" என்றேன். எங்கள் வீட்டில் 'சொல்லுங்க' என்பதை அப்படித்தான் சொல்வோம். அவர் புத்தகத்தை மூடிவிட்டு, "எங்கே செல்ல வேண்டும் தம்பி?" என்று வாசலைப் பார்த்தார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அது அப்படியே அலி நதீமின் பகிடி. சொல்லை அதன் வேறு பொருளில் பிடித்து, பேசியவனை முட்டாளாக்கும் அதே உத்தி. ஒரு வித்தியாசம் மட்டும்: அலிக்கு ஆங்கிலம் அந்நிய மொழி. எனக்குத் தமிழ் உம்மா தந்த மொழி.

தமிழ்ச் சினிமா 'நம்பள்கி நிம்பள்கி' என்று முஸ்லிம் பாத்திரங்களைப் பேச வைத்ததையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட எந்த முஸ்லிம் வீட்டில் அப்படிப் பேசுகிறார்கள்? கேட்டுப் பார்க்காமலே எழுதப்பட்ட பேச்சு அது. எமது பேச்சுவழக்கைக் கதைகளில் துணிந்து எழுதிய எமது எழுத்தாளர்கள் செய்தது வெறும் மண்வாசனை வேலையல்ல. அந்தச் சிரிப்புக்குச் சொன்ன பதில் அது.

நடிகர்களின் கதை இன்னும் கனமானது. லாஹூர்காரராக நடித்த டினோ ஷஃபீக் டாக்காவில் பிறந்தவர். சீக்கியராக நடித்த அல்பர்ட் மோசஸ் எமது இலங்கையில் பிறந்தவர். ஜேம்ஸ் பொண்ட் படங்களிலும் தலைகாட்டியவர். பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்கு வங்காளியும் பஞ்சாபியும் இலங்கையரும் ஒன்றுதான். நல்ல ஆங்கிலம் பேசத் தெரிந்த இவர்கள், பிழைப்புக்காக அதைத் தடுக்கித் தடுக்கிப் பேச வேண்டியிருந்தது. ஷஃபீக் 1984இலும் மோசஸ் 2017இலும் காலமானார்கள். பெரி எவன்ஸ் நடிப்பு வாய்ப்புகள் அற்றுப்போய் டாக்சி ஓட்டி, 1997இல் மறைந்தார்.

அண்மையில் அத்தொடரை மகளுடன் இருந்து பார்த்தேன். அவள் ஆங்கில மொழிமூலம் படிப்பவள். நான் இரண்டு இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "இவங்க ஏன் வாப்பா இன்னும் படிச்சு முடிக்கல்ல?" என்று மட்டும் கேட்டாள். நான் இத்தனை பந்திகளில் சொல்ல முயன்ற விமர்சனம் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

இத்தொடரைத் தடைசெய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். விறாந்தையில் கிடைத்த சந்தோசம் பொய்யல்ல. ஷஃபீக்கின் முகமலர்ச்சியும் அவருடைய நேரம் தவறாத நடிப்பும் எழுத்தாளர் கொடுத்ததைவிடப் பெரிய மனிதனை எமக்குக் காட்டின. அந்தக் கலைஞருக்கு என் ஸலாம். ஆனால் இனி அதைப் போட்டுப் பார்க்க மாட்டேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை 'செல்லுங்க சேர்' என்றால், திரும்பவும் சொல்லிக்கொடுக்கிறேன். வாசலைப் பார்ப்பதில்லை.