கடையோடு கட்டப்பட்ட சீட்டு

அமெரிக்க மருத்துவர்களை மின்னணு மருந்துச் சீட்டுக்குப் பழக்கியது பணம். அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் நோயாளிகளுக்குக் கணினி வழியே மருந்து எழுதினால் 2009 முதல் ஊக்கத்தொகை தந்தார்கள். எழுதாதவர்களின் கட்டணத்தில் 2012 முதல் பிடித்தம் செய்தார்கள். ஆனால் மார்ஃபின், ஆக்சிகோடோன் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளை அப்படி எழுத, போதைப்பொருள் தடுப்புத் துறையான டி.இ.ஏ. இடம் தரவில்லை. அந்தத் தடையை நீக்கிய விதிகள் 2010 ஜூன் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தன.

அவை நன்கு யோசித்து எழுதப்பட்ட விதிகள். கடவுச்சொல், கையில் வைத்திருக்கும் கருவி, விரல் ரேகை போன்ற உடல் அடையாளம் ஆகிய மூன்றில் இரண்டு பொருந்தினால்தான் மருத்துவர் கையொப்பமிட முடியும். மருந்து எழுதும் உரிமையைக் கணினியில் திறந்துவிடவும் இருவர் வேண்டும். ஒருவர் மட்டும் நினைத்தால் நடக்காது. சீட்டுப் புத்தகத்தைத் திருடுவதும், 10 என்பதை 100 ஆகத் திருத்துவதும் இதனால் கடினமாயின. மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகளால் மக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்துகொண்டிருந்த நாட்டில் இது சிறிய பயன் அல்ல. நியூயார்க் மாநிலம் 2016 மார்ச் 27 முதல் ஏறக்குறைய எல்லா மருந்துகளுக்கும் மின்னணுச் சீட்டைக் கட்டாயமாக்கியதை இந்த வகையில் நான் ஆதரிக்கிறேன்.

என் குறை வேறு. மோசடிக்காரரை மனத்தில் வைத்து எழுதிய இந்த விதிகள் நோயாளியை மறந்துவிட்டன. தாள் சீட்டு அவர் கையில் இருந்தது. ஒரு கடையில் மருந்து இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போகலாம். மின்னணுச் சீட்டோ மருத்துவரிடமிருந்து நேரே ஒரு குறிப்பிட்ட கடைக்குப் போய்விடுகிறது. 2022 அக்டோபரில் கவனக்குறைவு நோய்க்கான அடரால் என்ற கட்டுப்பாட்டு மருந்துக்குத் தட்டுப்பாடு என்று அரசே அறிவித்தபோது இதன் கொடுமை வெளிப்பட்டது. கடையில் இருப்பு இல்லை. சீட்டை வேறு கடைக்கு மாற்றவும் அப்போது விதியில் இடமிருக்கவில்லை. நோயாளி மீண்டும் மருத்துவரைப் பிடித்து, பழைய சீட்டை ரத்து செய்யச் சொல்லி, புதியது வாங்க வேண்டியிருந்தது. தினமும் மாத்திரை தேவைப்படுபவருக்கு இந்த அலைச்சல் மருந்தில்லாத நாட்களாக முடியும்.

இது தொழில்நுட்பத்தின் குறை அல்ல. இங்கிலாந்தில் சீட்டு தேசியச் சேமிப்பகத்துக்குப் போகிறது; கடை எதையும் முன்கூட்டியே தேர்ந்தெடுக்காதவர், பட்டைக்குறியீடு அச்சிட்ட தாளை எந்த மருந்துக் கடையில் காட்டியும் மருந்து வாங்கலாம்.

டி.இ.ஏ. 2023 ஆகஸ்டில் இறங்கி வந்தது. நோயாளி கேட்டால், மாநிலச் சட்டமும் அனுமதித்தால், முதல்முறை வாங்கும் மருந்துக்கான சீட்டை வேறு கடைக்கு மாற்றலாம், அதுவும் ஒரே ஒரு முறை. அந்த இரண்டாவது கடையிலும் இருப்பு இல்லையென்றால், மறுபடியும் மருத்துவரைத்தான் தேடிப் போக வேண்டும்.