55,000 என்ற வாக்குறுதி: ஸ்னாப்டிராகன் அரங்கம் எந்த ஆட்டத்துக்கு?

அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில் உள்ள சான் டியேகோ நகரில், மிஷன் வேலி என்னும் பள்ளத்தாக்கில் 2022 செப்டம்பரில் ஸ்னாப்டிராகன் அரங்கம் திறக்கப்பட்டது. கட்டியது சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகம். செலவு சுமார் 31 கோடி டாலர், இருக்கைகள் 35,000. திட்டம் மக்கள் முன் வைக்கப்பட்ட காலத்திலிருந்தே மூன்று விஷயங்கள் ஒரே மூச்சில் சொல்லப்பட்டு வந்தன. பல்கலைக்கழக அணி இங்கே அமெரிக்கக் கால்பந்து ஆடும். தொழில்முறைக் கால்பந்துக் கழகங்கள் வரும். நாளைக்கு அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணி ஒன்று நகரத்துக்குத் திரும்பினால் இருக்கைகளை 55,000 வரை கூட்டிக்கொள்ளலாம். முதல் இரண்டும் நடந்துவிட்டன. மூன்றாவது நடக்காது, நடக்கவும் கூடாது என்பது என் முடிவு. அந்த முடிவை இருக்கை எண்ணிக்கையை வைத்து மட்டும் எடுத்துவிட முடியாது. ஆடுகளத்தின் அகலம், புல், நாட்காட்டி, பணம் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்.

மூன்றாவது உறுதிமொழி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சார்ஜர்ஸ் என்ற என்எஃப்எல் அணி 1961 முதல் 56 பருவங்கள் சான் டியேகோவில் ஆடியது. 1967இல் திறந்த பழைய அரங்கம் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை மூன்று முறை கண்டது. 2016 நவம்பரில், விடுதி வரியை உயர்த்தி நகர மையத்தில் புது அரங்கம் கட்டும் யோசனையை வாக்காளர்கள் முன் வைத்தது அணி. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டது; கிடைத்தது ஏறக்குறைய 43 சதவீதம். 2017 ஜனவரியில் உரிமையாளர் டீன் ஸ்பானோஸ் அணியை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோய்விட்டார். அடுத்த ஆண்டே பழைய அரங்க நிலத்துக்கு இரண்டு திட்டங்கள் வாக்குச்சீட்டில் மோதின. ஒன்று, ஆண்கள் கால்பந்து லீகான எம்எல்எஸ்ஸின் அணி ஒன்றை மையமாக வைத்து தனியார் முதலீட்டாளர்கள் கொண்டுவந்த ‘சாக்கர் சிட்டி’. மற்றது பல்கலைக்கழகத்தின் வளாகத் திட்டம். வென்றது பல்கலைக்கழகம். அணியை இழந்த கோபமும் ஏக்கமும் ஆறாத நகரத்தில் வாக்குக் கேட்பவர்கள், என்எஃப்எல்லுக்குக் கதவு மூடிவிட்டது என்று சொல்ல முடியாது. 55,000 என்ற எண் அந்தச் சூழ்நிலையின் பிள்ளை என்றே நான் பார்க்கிறேன்.

இப்போது களத்துக்குப் போவோம். அமெரிக்கக் கால்பந்துக் களம், இரு முனைப் பகுதிகளையும் சேர்த்து, சுமார் 110 மீட்டர் நீளம், 49 மீட்டர் அகலம். சர்வதேசக் கால்பந்துக்கு 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் வேண்டும். நீளத்தில் பெரிய தகராறு இல்லை. அகலத்தில் கிட்டத்தட்ட 20 மீட்டர் வித்தியாசம். அமெரிக்கக் கால்பந்தை மட்டும் நினைத்துக் கட்டிய அரங்குகளில் கீழ்வரிசை இருக்கைகள் களத்தின் மூலைகளை நெருக்கிக்கொண்டு நிற்கும். கார்னர் கிக் எடுப்பவருக்கு ஓடிவர இடம் இருக்காது. 2026 உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்காக நியூ ஜெர்சியின் மெட்லைஃப் அரங்கில் மூலை இருக்கைகளைப் பெயர்த்தெடுக்க நேர்ந்தது இதனால்தான்.

அகலமான களத்தில் அமெரிக்கக் கால்பந்தை ஆடலாம், பக்கத்தில் வெற்றிடம் மிஞ்சும், அவ்வளவுதான். ஆனால் பார்வைக் கோணம் வேறு கதை. அமெரிக்கக் கால்பந்தில் கோட்டோரத்தில் மாற்று ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் சுவர்போல நிற்பார்கள். ஆட்டமும் இரண்டு கூட்டங்கள் மோதி மறைத்துக்கொள்ளும் ஆட்டம். உயரத்திலிருந்து பார்த்தால்தான் விளங்கும். அதனால் நல்ல இருக்கை என்பது நடுக்கோட்டுக்கு நேராகச் சற்று மேலே. கால்பந்து ரசிகருக்கோ புல்லின் விளிம்பே சொர்க்கம். இரண்டுக்கும் பொதுவாகக் கட்டும் அரங்கம் யாரையாவது கொஞ்சம் ஏமாற்றியே தீரும். ஸ்னாப்டிராகன் முதல் கோட்டிலிருந்தே இரு களங்களையும் மனத்தில் வைத்து வரையப்பட்டது. 35,000 இருக்கை என்ற அளவும் கை கொடுக்கிறது. மேல்வரிசைகூடக் களத்தை விட்டு வெகுதூரம் போவதில்லை.

கால்பந்து விஷயத்தில் சாட்சிகள் வலுவானவை. 2022 செப்டம்பர் 17 அன்று சான் டியேகோ வேவ் பெண்கள் அணி இங்கே ஆடிய முதல் ஆட்டத்தில், ஏஞ்சல் சிட்டி அணிக்கு எதிராக, 32,000 பேர் வந்தார்கள். பெண்கள் லீகான என்டபிள்யூஎஸ்எல்லில் அன்றைக்கு அதுவே சாதனை. 2023 மே மாதம் எம்எல்எஸ் தன் முப்பதாவது அணியை இந்த நகரத்துக்குக் கொடுத்தது. எகிப்திய-பிரிட்டிஷ் தொழிலதிபர் முகமது மன்சூரும் சைகுவான் பழங்குடியினரும் சேர்ந்து அதற்குக் கொடுத்த நுழைவுத் தொகை 50 கோடி டாலர். அரங்கத்தைக் கட்ட ஆன செலவைவிட அதில் ஆடும் உரிமையின் விலை அதிகம்! தயாராக ஓர் அரங்கம் இருந்திராவிட்டால் இந்தக் கணக்கு கூடிவந்திருக்குமா என்பது ஐயமே. 2025 மார்ச் 1 அன்று சான் டியேகோ எஃப்சி தன் முதல் உள்ளூர் ஆட்டத்தை ஏறத்தாழ நிரம்பிய அரங்கில் ஆடியது. அந்த முதல் பருவத்திலேயே மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. கால்பந்து அரங்கமாக ஸ்னாப்டிராகன் தேறிவிட்டது.

தேறியது என்று சொல்லும்போதே ஒரு குறையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது புல். ஒரே அரங்கில் இரண்டு ஆட்டம் என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் கடைசியில் புல்லில்தான் வந்து முட்டும். நூற்றைம்பது கிலோ எடையுள்ள தடுப்பாளர்கள் ஆணி பதித்த காலணிகளோடு களத்தின் நடுவில் திரும்பத் திரும்ப உந்திக்கொள்ளும்போது அந்த இடத்துப் புல் வேரோடு கிளம்பும். பந்து உருண்டோட வேண்டிய ஆட்டத்துக்கு அந்தப் பள்ளங்கள் விஷம். எனவே பெரும்பாலான கூட்டு அரங்குகள் சுலபமான வழியைத் தேடின. சியாட்டிலில் என்எஃப்எல் அணியான சீஹாக்ஸும் எம்எல்எஸ் அணியான சவுண்டர்ஸும் பகிரும் அரங்கில் செயற்கைப் புல். அட்லாண்டாவின் மெர்சிடிஸ்-பென்ஸ் அரங்கிலும் அதேதான். வீரர்களின் முழங்கால் அதற்கு விலை கொடுக்கிறது என்ற புகார் வெகுநாளாக உண்டு; 2026 உலகக் கோப்பைக்கு அந்த அரங்குகளும் இயற்கைப் புல்லைப் பதித்தாக வேண்டும் என்று ஃபிஃபா விதித்தது. லண்டனில் டாட்டன்ஹாம் இன்னொரு வழியைக் கண்டது. புல்தரை மூன்று துண்டாகப் பிரிந்து பார்வையாளர் வரிசைக்கு அடியில் போய்விடும். அதற்குக் கீழே என்எஃப்எல்லுக்கென்று தனியாகச் செயற்கைத் தரை. தொழில்நுட்ப அற்புதம், மறுக்கவில்லை. ஆனால் அந்த அரங்கத்தின் மொத்தச் செலவு ஏறக்குறைய நூறு கோடி பவுண்டு. ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் நினைத்துப் பார்க்கக்கூடிய தொகை அல்ல.

சான் டியேகோ இயற்கைப் புல்லைத் தேர்ந்தெடுத்தது. அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் தேர்ந்தெடுத்த பிறகு அந்தப் புல்லுக்கு ஓய்வு கொடுக்க வேண்டாமா? எம்எல்எஸ் அணிக்குப் பருவத்துக்கு 17 உள்ளூர் ஆட்டம். வேவ் அணிக்குப் பதிமூன்றுக்குக் குறையாது. பல்கலைக்கழகத்தின் ஆஸ்டெக்ஸ் அணிக்கு ஆறு அல்லது ஏழு. போதாக்குறைக்கு ஜனவரியில் களத்தை மூடி லாரி லாரியாக மண் கொட்டி சூப்பர்கிராஸ் மோட்டார்சைக்கிள் பந்தயம். 2024இல் அந்தப் பந்தயம் நடந்து இரண்டு மாதத்துக்குள், மார்ச் 6 அன்று, பெண்கள் தங்கக் கோப்பை அரையிறுதி இங்கே நடந்தது. அமெரிக்காவும் கனடாவும் ஆடின. பெருமழை. தரை நீரை உள்வாங்கவில்லை. பாஸ் கொடுத்த பந்து குட்டையில் போய் நின்றது. 2-2 என முடிந்து பெனால்ட்டியில் அமெரிக்கா வென்றாலும், அன்று நடந்ததைக் கால்பந்து என்று சொல்ல நாக்கு கூசுகிறது. மழையைக் குறை சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் மழை நாளில் வடியாத களத்தைத் தொழில்முறைக் களம் என்று அழைப்பது எப்படி?

புல்லின் நிலை இதுவென்றால், இதற்கு மேல் என்எஃப்எல் அணி ஒன்றையும் ஏற்றுவது எப்படிப்பட்ட யோசனை என்று பாருங்கள். ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை பத்து ஆட்டம் கூடும். எம்எல்எஸ் 2027 முதல் தன் பருவத்தை ஜூலையில் தொடங்கி மே மாதத்தில் முடிக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. ஆக, இலையுதிர்காலம் முழுக்க நான்கு அணியும் இரு வகை ஆட்டமும் ஒரே தரையில் மோதும்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். 1970இல் தன் போட்டி லீகுடன் இணைந்தபோதே அரங்கத்துக்குக் குறைந்தது 50,000 இருக்கை வேண்டும் என்று என்எஃப்எல் விதித்தது. அதை வைத்துத்தான் 55,000 போதும் என்று வாதிடுகிறார்கள். காகிதத்தில் அது சரி. நடைமுறையில், இப்போதைய என்எஃப்எல் அரங்குகளிலேயே சிறிய ஒன்றான சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் 61,500 இருக்கை. விரிவாக்கி முடித்த பிறகும் ஸ்னாப்டிராகன் லீகின் மிகச் சிறிய அரங்கமாகவே நிற்கும். லீக் இதில் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு: நுழைவுச்சீட்டு வருமானத்தில் 34 சதவீதம் வெளியூர் அணிகளின் பொதுப் பங்குக்குப் போகிறது. ஒரு நகரத்தின் அரங்கம் சிறியதானால் மற்ற எல்லா உரிமையாளர்களின் பையும் இளைக்கும்.

‘கார்சனில் ஆடவில்லையா?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. சான் டியேகோவை விட்டுப் போன சார்ஜர்ஸ், 2017 முதல் 2019 வரை மூன்று பருவங்கள் கார்சன் நகரில் எம்எல்எஸ் அணியான கேலக்ஸியின் அரங்கிலேயே ஆடியது. இருக்கை வெறும் 27,000. எனவே கால்பந்து அரங்கில் என்எஃப்எல் ஆட முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே என்ன நடந்தது? பல ஆட்டங்களில் எதிரணி ரசிகர்களின் சத்தமே ஓங்கியிருந்தது. சொந்த ஊரில் விருந்தாளியாக ஆடிய அணி அது. லீக் அதைப் பொறுத்துக்கொண்டதும், பக்கத்து இங்கிள்வுட்டில் சோஃபை அரங்கம் எழும்பிக்கொண்டிருந்ததால்தான். கார்சன் நிரூபிப்பது தற்காலிகத்தை மட்டுமே.

தொலைக்காட்சிப் பணம் கொட்டுகிற காலத்தில் இருக்கை எதற்கு என்றும் ஒரு வாதம் உண்டு. ஒளிபரப்புப் பணம் எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. ஓர் உரிமையாளர் மற்றவரை முந்துவது சொகுசு அறைகளிலும் விளம்பரத்திலும் உள்ளூர் வருமானத்திலும்தான். அதனால்தான் அணியை நகர்த்துகிறவர்கள் ஓர் அரங்கத்தைத் தேடுவதில்லை. இன்னும் பெரிய அரங்கத்தையும் அதற்கு அரசுப் பணத்தையும் தேடுகிறார்கள். லாஸ் வேகஸ் 75 கோடி டாலர் பொதுப்பணம் கொடுத்து ரெய்டர்ஸ் அணியை வரவழைத்தது. பஃபலோவில் அணியைத் தக்கவைக்க நியூயார்க் மாநிலமும் மாவட்டமும் சேர்ந்து 85 கோடி தர ஒப்புக்கொண்டன. இப்படிப்பட்ட பேரத்துக்குத்தான் சான் டியேகோ மக்கள் 2016இல் மறுப்புச் சொன்னார்கள். சரியாகவே சொன்னார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 20,000 இருக்கைகளைக் கூட்டிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். 2023இல் வேவ் அணிக்குச் சராசரியாக 20,000 பேர் வந்தார்கள்; உலகப் பெண்கள் கால்பந்தில் அது பெருமைக்குரிய கூட்டம். 35,000 இருக்கையில் அந்தக் கூட்டம் உயிரோடு தெரியும், 55,000இல் தொலைந்துபோகும். அட்லாண்டா 70,000 இருக்கைக்கு மேல் உள்ள அரங்கில் திரை கட்டி மேல்தட்டை மறைத்துக்கொண்டு கால்பந்து நடத்துகிறது. 2018 எம்எல்எஸ் இறுதிக்கு அங்கே 73,019 பேர் வந்தது உண்மை. ஆனால் அங்கே என்எஃப்எல், எம்எல்எஸ் அணிகள் இரண்டுக்கும் ஒரே உரிமையாளர், ஆர்தர் பிளாங்க். தேதித் தகராறும் வருமானத் தகராறும் அவர் மேசைக்குள்ளேயே முடிந்துவிடும். சான் டியேகோவில் அரங்கம் ஒருவருடையது, அணிகள் வேறு வேறு கைகளில்.

என்எஃப்எல்லைத் தவிர தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தே கிடையாதா என்றால், உண்டு. வசந்தகால லீகுகள். 2019இல் சான் டியேகோ ஃப்ளீட் என்ற அணி பழைய அரங்கில் ஆடியது. லீகே பருவம் முடியும் முன்பே நின்றுபோனது. இப்போதைய யுஎஃப்எல் 2026 பருவத்துக்குக் கொலம்பஸ், லூயிவில், ஆர்லாண்டோ ஆகிய நகரங்களில் கால்பந்து அரங்குகளையே நாடியது. ஆக, ஸ்னாப்டிராகனில் அது முடியும். ஆனால் மார்ச் முதல் ஜூன் வரை நடக்கும் அந்த ஆட்டம், வேவ் அணியின் பருவத்தின் மேலேயே வந்து விழும். இப்போதைக்கு அதற்கும் இடம் கொடுக்கக் கூடாது என்பதே என் எண்ணம்.

எனவே 55,000 என்ற பேச்சைப் பல்கலைக்கழகம் வெளிப்படையாகக் கைவிட வேண்டும். அந்தக் கற்பனைக்கு ஒதுக்கும் கவனத்தையும் பணத்தையும் இரண்டு இடத்தில் போடலாம். ஒன்று நிழல். 2022 செப்டம்பர் 3 அன்று நடந்த முதல் ஆட்டத்திலேயே வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டு, பார்வையாளர்கள் பலருக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது. பிற்பகல் வெயிலை நேருக்கு நேர் வாங்கும் கிழக்கு வரிசைக்குக் கூரை இல்லாமல் இன்னொரு செப்டம்பர் போகக் கூடாது. இரண்டாவது தரை. எம்எல்எஸ் 2027 முதல் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை ஓய்வெடுக்கப்போகிறது. அந்த இடைவெளியில் மோட்டார்சைக்கிளுக்கு மண் கொட்டுவதா, வடிகாலைத் திருத்திப் புது வேர் பிடிக்க விடுவதா என்ற கேள்வி அரங்க நிர்வாகத்தின் முன் இருக்கிறது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அதே தரையில் இறங்கப்போகும் இரண்டு கழகங்களும், முன்கூட்டியே, அந்த ஏழு வாரத்தையும் புல்லுக்கே விட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.