மக்கள் தொகைக் கணக்கெடுப்புச் சான்றும் மேற்கோள் நெறியும்

குடும்ப வரலாற்று ஆய்வில் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள் தலைமையான சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. ஆயினும் அவற்றைச் சுட்டும் முறை பெரும்பாலும் செம்மையுறவில்லை. ‘1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி’ என்ற தொடரோடு ஆய்வாளர் பலர் அமைதி கொள்கின்றனர். ஆண்டைச் சுட்டுவது சான்றைச் சுட்டுவதாகாது. எந்த ஏடு, எத்தாள், யார் எழுதியது, எம்மொழியில் எழுதியது என்னும் வினாக்களுக்கு விடை தராத மேற்கோள், சரிபார்க்க இயலாத கூற்றாகவே நின்றுவிடும்.

இங்கிலாந்து, வேல்சு ஆகிய பகுதிகளின் ஏடுகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 1841 முதல் 1901 வரை குடும்பத்தார் நிரப்பிய படிவங்களைக் கணக்கெடுப்பாளர் தம் ஏட்டில் படியெடுத்தனர். படிவங்கள் மிகச் சில நீங்கலாக அழிக்கப்பட்டுவிட்டன. எனவே இன்று கிடைப்பது மூலமன்று, படியே. அதன் நிழற்படமும் அதிலிருந்து பிறர் தொகுத்த பெயரடைவும் அடுத்தடுத்த நிலைகளாகும். பெயரடைவை மட்டும் கண்டவர் ஏட்டையே கண்டதாகச் சுட்டுவது முறையன்று. 1891ஆம் ஆண்டு ஏடுகளுக்கு ஆர்.ஜி. 12 என்னும் தொகுதிக் குறியீட்டோடு பகுதி எண், தாள் எண், பக்க எண் ஆகியவற்றையும் தருதல் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க சிக்கல் வேல்சில் எழுகிறது. அங்கு வேல்சு மொழிப் படிவங்களும் வழங்கப்பட்டன. கணக்கெடுப்பாளர் ஏடுகளோ ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. ஆகவே வேல்சு மொழியில் நிரப்பிய குடும்பத்தைப் பொறுத்தவரை எஞ்சியிருப்பது மொழிபெயர்ப்பே. ‘சயிர்’ என்னும் வேல்சுச் சொல் கைவினைஞனைக் குறிக்கும். மரம் என்ற சொல்லோடு சேரின் தச்சன், கல் என்ற சொல்லோடு சேரின் கல்தச்சன். ஒருவர் தனிச்சொல்லை மட்டும் எழுதியிருப்பின், ஏட்டிலுள்ள ஆங்கிலத் தொழிற்பெயர் கணக்கெடுப்பாளரின் தேர்வேயன்றிக் குடும்பத்தாரின் கூற்றன்று. 1911ஆம் ஆண்டுப் படிவங்கள் எஞ்சியுள்ளமையால், அவற்றில் குடும்பத்தாரின் சொல்லையே காணலாம். ஆகவே ஒரே குடும்பத்தைப் பற்றிய 1891, 1911 பதிவுகளை ஒரு தரத்தனவாக ஒப்பிடுதல் பிழையாகும். 1891இல் வேல்சில் மொழி பற்றிய வினாவும் முதன்முறையாகக் கேட்கப்பட்டது என்பதால் இவ்வேறுபாடு மொழியியலார்க்கும் இன்றியமையாதது.

பதிவையும் ஊகத்தையும் கலந்துரைப்பது மற்றொரு குறை. 1841இல் பதினைந்துக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தெழுதுமாறு அறிவுறுத்தப்பட்டது. ‘30’ என்ற பதிவு முப்பது முதல் முப்பத்து நான்கு வரை எவ்வயதையும் குறிக்கலாம்; பிறப்பு 1806க்கும் 1811க்கும் இடைப்பட்டதாகலாம். ‘1811இல் பிறந்தார்’ என எழுதி ஏட்டைச் சான்று காட்டினால், ஏடு கூறாததை அதன்மேல் ஏற்றியதாகும்.

எலிசபெத் ஷோன் மில்ஸ் 2007இல் வெளியிட்ட ‘எவிடன்ஸ் எக்ஸ்பிளெய்ண்டு’ என்னும் நூல் மூலச் சான்றையும் வழிச்சான்றையும் பிரித்தறிய வழிகாட்டுகிறது. அது இத்துறைக்குப் பெரும் பயன் விளைத்துள்ளது. எனினும் படியெடுத்தலும் மொழிபெயர்த்தலும் வழிச்சான்று என்னும் ஒரே தலைப்பில் அடங்கிவிடுவதால், அத்தலைப்பை மட்டும் தருவது போதாது. எழுத்து மாறியதா, மொழி மாறியதா என்பதையும் மேற்கோள் உரைத்தல் வேண்டும்.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தனிமனிதர் பதிவுகளைப் பார்வையிட இடந்தருவதில்லை. ஆய்வாளர்க்குக் கிட்டுவன தொகுப்பு அட்டவணைகளே. 1961ஆம் ஆண்டின் 1652 தாய்மொழிகள் என்னும் புகழ்பெற்ற எண்ணும் மக்கள் கூறிய பெயர்களை வகைப்படுத்தியதால் கிடைத்ததாகும். அதனை மக்கள் வாய்மொழியாகவே சுட்டுவோர், வேல்சு ஏட்டின் ஆங்கிலச் சொல்லைக் குடும்பத்தாரின் சொல்லாகக் கொள்வோர் இழைக்கும் பிழையையே இழைக்கின்றனர். மக்கள் கூற்றுக்கும் ஆய்வாளர் கைக்கும் இடையே நின்றவர் யாவர் என்பதை மேற்கோள் மறைத்தலாகாது.