அசெரோத்தில் அலுப்பும் தோழமையும்

பிளிஸார்டு நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற இணைய விளையாட்டுக்கு 2010-இல் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் மாதச் சந்தா ஏறக்குறைய 15 டாலர். அதைக் கட்டி அசெரோத் என்ற அந்தக் கற்பனை உலகுக்குள் போனவர்கள் பெரும்பாலான நேரம் செய்தது, ஒரே வகை விலங்கைத் திரும்பத் திரும்பக் கொன்றதுதான். காசு கொடுத்து இந்த அலுப்பை ஏன் வாங்கினார்கள்? இவ்வகை விளையாட்டுகளின் பலமும் பலவீனமும் இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கின்றன.

அலுப்பு தானாக நேர்ந்ததல்ல, திட்டமிட்டு வைத்தது. பாரன்ஸ் சமவெளியில் வரிக்குதிரை போன்ற ஸெவ்ராக்களைக் கொன்று குளம்புகள் சேர்க்க வேண்டும். ஆனால் எந்த ஸெவ்ரா குளம்பு தரும் என்பது தற்செயல். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கை ஓயாது. ஆட்டக்காரர்கள் இதை ‘கிரைண்ட்’ என்பார்கள். சோதனைக் கட்டத்தில், நெடுநேரம் ஆடுபவருக்கு அனுபவப் புள்ளிகள் பாதியாகக் குறைந்தன; எல்லோரும் வெறுத்தார்கள். கிடைக்கும் பலனை மாற்றாமல், ஓய்வெடுத்து வந்தவருக்கு இரட்டிப்புப் புள்ளி என்று பெயரை மட்டும் மாற்றியதும் அதுவே சலுகையாகிவிட்டது. ஆட்டக்காரரின் மனத்தை அவ்வளவு நுட்பமாக அறிந்து கட்டிய உலகம் அது.

ஆனாலும் அந்த அலுப்பில் ஓர் அரிய விளைச்சல் இருந்தது. ‘மோல்டன் கோர்’ என்ற எரிமலைக் குகைக்கு நாற்பது பேர் சேர்ந்து போக வேண்டும். அடி வாங்கும் டேங்க், உயிர் காக்கும் ஹீலர் என ஆளுக்கொரு பொறுப்பு. ஒருவர் அசந்தால் மொத்தப் படையும் வீழும். வென்றாலும் கிடைக்கும் ஆயுதங்கள் சிலதான். அவற்றை நியாயமாகப் பங்கிட, முந்தைய இணைய விளையாட்டான ‘எவர்குவெஸ்ட்’ காலத்தில் ஆட்டக்காரர்களே உருவாக்கிய புள்ளிக் கணக்கைக் கில்டுகள் எனும் ஆட்டக்காரர் குழுக்கள் கையாண்டன. காத்திருந்த நேரத்திலும் நடந்த தூரத்திலும் பேச்சு வளர்ந்தது. பேச்சில் நம்பிக்கை வளர்ந்தது.

இந்த விளையாட்டை ஆடிவந்த நார்வேயின் மாட்ஸ் ஸ்டீன் தசைச் சிதைவு நோயால் 2014-இல், 25 வயதில் இறந்தார். மகன் தனிமையிலேயே வாழ்ந்து முடித்தான் என்று பெற்றோர் நினைத்திருந்தார்கள். தந்தை மரணச் செய்தியை வெளியிட்டதும் ‘ஸ்டார்லைட்’ கில்டு நண்பர்களின் கடிதங்கள் வந்து குவிந்தன. சிலர் இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்த இளைஞர் அங்கே ‘இபெலின்’ என்ற பெயரில் பலருக்கு ஆறுதல் சொன்ன தோழராக இருந்திருக்கிறார்.

2009 டிசம்பரில் வந்த ‘டஞ்சன் ஃபைண்டர்’ என்ற வசதி குழு சேரும் காத்திருப்பைக் குறைத்தது. பொத்தானை அழுத்தினால் வேறு வேறு சர்வர்களிலிருந்து ஐந்து பேர் சேர்ந்துவிடுவார்கள்; முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் கலைந்துவிடுவார்கள். வேலையும் குடும்பமும் உள்ளவர்களுக்கு இது உண்மையான வசதி. ஆனால் நாணயமானவர் என்று சர்வரில் பெயர் எடுப்பதற்கு இருந்த மதிப்பு குறைந்தது. 2019 ஆகஸ்டில் அந்த வசதி இல்லாத பழைய வடிவம் ‘கிளாசிக்’ என்று திரும்பி வந்தபோது, சர்வர்களுக்குள் நுழையவே கூட்டம் நெடுநேரம் வரிசையில் காத்திருந்தது.

இதற்காகப் பழைய அலுப்பு முழுவதையும் போற்றுவது தவறு. நாற்பது பேர் ஒன்றுகூடும் மாலைகள் பலருடைய தூக்கத்தையும் படிப்பையும் தின்றன. மாதக்கணக்கில் உழைத்து வென்ற கவசங்கள் பல, 2007-இல் ‘பர்னிங் குரூசேட்’ என்ற விரிவாக்கம் வந்ததும் சாதாரணப் பணிகளுக்குக் கிடைத்த பொருள்களிடம் தோற்றன. அதே ஆண்டில் பரவிய தினப்பணிகளைப் பெரும்பாலும் தனியாகவே முடிக்கலாம். மறுநாள் அதே பணி மீண்டும் காத்திருக்கும். அவை யாரையும் யாருடனும் சேர்க்கவில்லை, சந்தாவைத்தான் நீட்டித்தன.

ஆகவே எல்லா அலுப்பையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. மனிதரை மனிதருக்குத் தேவையாக்கும் அலுப்பு விளையாட்டின் உயிர். நிறுவனத்தின் வருமானத்துக்காக மட்டும் திணிக்கப்பட்ட அலுப்பு, ஆட்டக்காரரின் வாழ்நாளைச் சுரண்டுவது. நாளை நான் உள்ளே வராவிட்டால் யாராவது தேடுவார்களா என்று ஒவ்வொரு ஆட்டக்காரரும் கேட்டுக்கொள்ளலாம். தேடுவார்கள் என்றால் அங்கே செலவிட்ட நேரம் வீணல்ல. எவரும் தேடாத உலகத்துக்குச் சந்தா கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.