கழுதையைத் துரத்தும் திருத்தங்கள்

பழமொழிகளுக்கு ‘உண்மையான பொருள்’ சொல்லும் பழக்கம் வட்ஸ்அப்பிலிருந்து வகுப்பறைக்கும் வந்துவிட்டது. “கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை” என்று பிள்ளை எழுதினால் பிழையாம். கழு என்ற புல்லில் பாய் தைத்தால் கற்பூர வாசனை வருமாம். ஆகவே “கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை” என்பதே சரியாம்.

தமிழ் படிப்பிக்கிறவன் என்ற வகையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை. முதலாவது, பாயை யாரும் தைக்கிறதில்லை. நமது கிழக்கூர்ப் பெண்கள் பன்பாய் இழைக்கிறார்கள். பிற ஊர்களில் பின்னுகிறார்கள். இரண்டாவது, ‘கழுதைக்கு’ என்பதைப் பிரித்தால் மட்டும் போதாது. ‘தெரியுமா’ என்ற கேள்வியையும் ‘தெரியுமாம்’ என்று மாற்ற வேண்டும். ஒரு திரிபைக் காட்ட இரண்டு இடத்தில் கைவைக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியமானது. சுமந்தும் அருமை அறியாத கழுதை தமிழுக்கு மட்டும் உரியதல்ல. வடமொழி மருத்துவ நூலான சுஸ்ருத சங்கிதையில் சந்தனக் கட்டை சுமக்கும் கழுதை வருகிறது. அல்குர்ஆனின் ஸூரா அல்ஜும்ஆ, 5ஆம் வசனத்தில் நூல்களைச் சுமக்கும் கழுதை உவமையாகிறது. உருதுக்காரர் இஞ்சியின் ருசி அறியாத குரங்கைச் சொல்கிறார்கள். விலங்கை எடுத்துவிட்டால் பழமொழியின் உயிரே போய்விடும்.

“மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா” என்பதற்கும் இதே கதிதான். ‘மண் குதிர்’ என்று மாற்றி, ஆற்று மணல் மேடு என்கிறார்கள். குதிர் என்றால் நெல் சேமிக்கும் கூடு. “எங்கப்பன் குதிருக்குள் இல்லை” என்பதில் இருப்பதும் அதுதான். மண்ணால் செய்த குதிரை தண்ணீரில் கரையும் என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்குமே!

சொற்கள் வாய்வழியே திரிவது உண்மைதான். ஆனால் திருத்துகிறவர் இரண்டு கேள்விக்குப் பதில் தர வேண்டும்: அந்த வடிவம் பழைய ஏட்டிலோ பதிப்பிலோ உண்டா? அந்தச் சொல் அந்தப் பொருளில் எங்காவது புழங்குகிறதா? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அது ஆராய்ச்சியல்ல, சொல் விளையாட்டு.

விளையாட்டாக இருந்தால் பாதகமில்லை. “உம்மம்மா, நீங்க சொல்றது பிழை” என்று பிள்ளை வீட்டில் போய்ச் சொல்கிறதே, நட்டம் அங்கேதான் இருக்கிறது. புத்தளத்திலும் மன்னாரிலும் கழுதையைக் கண்ணால் கண்டு வளர்ந்தவர்களின் மொழியை, ஆதாரமில்லாத ஒரு புல்லைக் காட்டி நாம் பிழையாக்கக் கூடாது.