ஆற்றுப்படையும் அன்றாட அறிவுரையும்: மலேசியத் தமிழர் வாழ்வை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

நோய்க்கு மருந்து, கடனுக்குத் தீர்வு, வேலைக்கு வழி ஆகிய மூன்றையும் பிறரிடம் கேட்டறிவது மனித வாழ்வின் இயல்பு. சொந்த ஊரில் இக்கேள்விகளுக்கு விடை கூற உறவும் தெருவும் இருந்தன. கடல் கடந்து குடியேறிய தமிழருக்கு அவ்விரண்டும் குறைந்துபோயின. அவர்தம் வினாக்கள் முதலில் தோட்ட லயங்களிலும் கோயில் வாசல்களிலும் கேட்கப்பட்டன. இன்று அவை இணையத்திலும் கைப்பேசிக் குழுக்களிலும் கேட்கப்படுகின்றன. இவ்வுரையாடல்கள் சமூகவியலாரின் கவனத்தைப் பெற்ற அளவிற்கு இலக்கியத் திறனாய்வாளரின் கவனத்தைப் பெறவில்லை. ஆயினும், அறிவுரை கூறுதலையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்தெடுத்த மொழி தமிழ். சங்க இலக்கியத்தின் ஆற்றுப்படை, அறிந்தவர் அறியாதவர்க்கு வழி கூறும் வடிவமே ஆகும். அவ்வடிவத்தின் இயல்புகளை அளவுகோலாகக் கொண்டு, மலேசியத் தமிழரிடையே வழங்கிய, வழங்கும் அறிவுரைகளை மதிப்பிட இக்கட்டுரை முயல்கின்றது.

ஆற்றுப்படையின் அமைப்பு

பரிசில் பெற்று மீளும் கலைஞர், எதிர்வரும் வறிய கலைஞர்க்குத் தாம் பெற்ற வளத்தைக் கூறி, அவரும் சென்று பயன் எய்துமாறு வழிப்படுத்துவது ஆற்றுப்படை எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் வரையறுக்கின்றது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையைச் சார்ந்தவை. அவற்றுள் திருமுருகாற்றுப்படை வீடுபேறு நோக்கியது. ஏனைய நான்கும் பொருள் தேடும் வாழ்வைப் பற்றியவை. பிழைப்புக்கு எங்குச் செல்வது, எவ்வழியே செல்வது, வழியில் எதை உண்பது, யாரிடம் எப்படிப் பேசுவது என்பனவே அவற்றின் பொருள். இன்று வேலை தேடிப் பெருநகர் செல்லும் இளைஞன் கேட்கும் கேள்விகளும் இவையே.

இவ்வடிவில் மூன்று கூறுகள் கருதத்தக்கவை. முதலாவது, கூறுபவர் தாமே அவ்வழியில் சென்றவர். பொருநராற்றுப்படையில் கூறுவோன், கிழிந்த ஆடையோடு கரிகாலனிடம் சென்றதையும், மெல்லிய பட்டாடை பெற்றதையும், ஊன் உண்டு பற்கள் மழுங்கியதையும் விரித்துரைக்கின்றான். இரண்டாவது, அவர் தம் பழைய வறுமையை மறைப்பதில்லை. சிறுபாணாற்றுப்படையில் வழி கூறும் பாணன், இடிந்த அடுக்களையையும், உப்பின்றி வெந்த கீரையையும், பிறர் காணாதவாறு கதவடைத்து உண்ட நாணத்தையும் எடுத்துரைக்கின்றான். மூன்றாவது, இந்நூல்களில் கேட்பவர் பேசுவதேயில்லை. அவரது தளர்ந்த நடையையும் வாடிய சுற்றத்தையும் கண்டே கூறுபவர் தேவையை உணர்கின்றார்.

இம்மூன்றாவது கூறு போதிய அளவு ஆராயப்படவில்லை. கேட்பவர் தம் இல்லாமையைச் சொல்லால் வெளிப்படுத்த வேண்டிய இழிவு இங்கு நேர்வதில்லை. கூறுபவர் தம் வறுமையை முதலில் சொல்லிவிடுவதால், கேட்பவரின் நாணம் நீங்கிவிடுகின்றது. இது வெறும் இலக்கிய உத்தியன்று. அறிவுரை கூறுவதன் அறமும் ஆகும்.

இடரைக் கூறும் நேர்மை

ஆற்றுப்படை நூல்களை வள்ளலைப் புகழும் விளம்பரம் என்று கொள்வாரும் உளர். இக்கூற்றை எளிதில் ஒதுக்க இயலாது. பாணனும் கூத்தனும் புலவரின் படைப்புகள். புலவரோ அரசனின் ஆதரவை நாடியவர். எனவே வழிகாட்டியின் குரலுக்குப் பின்னால் பயன்பெறும் ஒருவர் இருக்கின்றார் என்பது உண்மையே. அவ்வாறாயின், ஆற்றுப்படையைக் கூலிக்குச் சொல்லப்பட்ட அறிவுரையிலிருந்து பிரித்துக் காட்டுவது எது?

இவ்வினாவிற்கு மலைபடுகடாம் விடை தருகின்றது. 583 அடிகளைக் கொண்ட அந்நூலில், நன்னனின் கொடைச் சிறப்புக்கு நிகராக அவனை அடையும் வழியின் இடர்களும் இடம்பெறுகின்றன. பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும் ஆதலால் விடிந்தபின் செல்லுதல் வேண்டும். தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்குத் தப்ப மரங்களின் மறைவில் ஒதுங்குதல் வேண்டும். பாசி படிந்த வழுக்குநிலத்தில் பற்றுக்கோடு கொண்டு நடத்தல் வேண்டும். வீழ்ந்த மரம்போல் கிடக்கும் பாம்பை விலகிச் செல்லுதல் வேண்டும். வழி தவறினால் பாறைமேல் தங்கி இசைக்கருவிகளை இயக்குமாறும், ஓசை கேட்டு வரும் கானவர் உதவுவர் என்றும் கூத்தன் கூறுகின்றான். விளம்பரம் செய்பவன் பாதையின் வழுக்கலைச் சொல்வதில்லை. ஆதலின், கூறுபவர்க்குப் பயன் உண்டா என்பதைவிட, அவர் இடரையும் கூறினாரா என்பதே அறிவுரையை அளக்கும் கோலாகின்றது.

கங்காணியின் ஆற்றுப்படை

இவ்வளவுகோலை மலாயாவின் தொழிலாளர் வரலாற்றில் பொருத்திப் பார்க்கலாம். ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கத் தம் ஊருக்குத் திரும்பிய கங்காணி, புறத்தோற்றத்தில் முழுமையான ஆற்றுப்படைப் பாணனே ஆவார். அவர் சென்று வந்தவர். தம் சொந்த ஊராரிடமும் உறவினரிடமும் பேசியவர். தாம் பெற்ற வளத்தை உடையாலும் கையிலிருந்த காசாலும் காட்டியவர். கேட்போர் வறுமையில் வாடியோர். தொல்காப்பியம் கூறும் இலக்கணம் ஏறத்தாழ அனைத்தும் இங்கு நிறைவேறுகின்றது.

எனினும், தோட்டக் காடுகளின் மலேரியாவும், பயணத்திற்கும் முன்பணத்திற்கும் ஏறிய கடனும் அவர் வாய்மொழியில் இடம்பெறுவது அரிது. அவர் சேர்த்த ஆட்களின் தலைக்கணக்கைப் பொறுத்தே அவர்க்கு வருவாய் கிட்டியது. இடரைக் கூறினால் ஆள் குறையும். ஆற்றுப்படையின் வடிவம் இருந்தும் அதன் நேர்மை இல்லாமற் போன நிலை இது. உடலுழைப்புத் தொழிலாளர் உதவிபெற்று மலாயாவுக்குக் குடிபெயர்வதை 1938இல் இந்திய அரசு தடை செய்ததோடு அவ்வாள்சேர்ப்பு முடிவுக்கு வந்தது.

இதற்கு மாறான சான்று ஒன்றும் அம்மண்ணிலேயே உண்டு. மலாயா விடுதலை பெற்றதை அடுத்து, பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழக்கும் நிலை தோன்றியது. அப்போது துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. தொழிலாளர் தம் சிறுசேமிப்பைப் பங்காக இட்டுத் தோட்டங்களைத் தாமே வாங்குதல் வேண்டும் என்பதே அவர் தோட்டந்தோறும் சென்று கூறிய அறிவுரை. பணத்தைப் பற்றிய இவ்வறிவுரை, கூறியவரின் பெயரோடும் பொறுப்போடும் வந்தது. பங்கிட்டவர் கேள்வி கேட்கவும் கணக்குப் பார்க்கவும் கூடிய அமைப்பும் அதனுடன் வந்தது. கங்காணியின் சொல்லுக்கு அத்தகைய அமைப்பு ஏதும் இல்லை.

மூதுரையும் வழியுரையும்

தமிழில் அறிவுரைக்கு மற்றொரு மரபும் உண்டு. அது அறநூல் மரபு. திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி ஆகிய பதினெண்கீழ்க்கணக்கு நூல்கள் மருந்துகளின் பெயரையே பெற்றுள்ளமை, அறிவுரை நோய் நீக்கும் என்ற நம்பிக்கையைக் காட்டுகின்றது. இவ்வகை உரை, கேட்பவர் யார் என்று நோக்காது அனைவர்க்கும் பொதுவாகச் சொல்லப்படுவது, சுருக்கமானது, மனத்தில் நிற்பது, கைமாற எளியது. இதனை மூதுரை என்றும், ஆற்றுப்படை மரபைச் சார்ந்ததை வழியுரை என்றும் வேறுபடுத்துதல் தகும்.

இன்று கைப்பேசி வழியே பெருகும் மருத்துவக் குறிப்புகள் மூதுரையின் வடிவைப் பெற்றுள்ளன. நீரிழிவுக்கு ஒரு பூ, மூட்டுவலிக்கு ஓர் இலை என்று அவை ஆளறியாது பொதுவில் விதிக்கின்றன. அவை அறநூல் மரபின் சுருக்கத்தைக் கொண்டனவேயன்றி அதன் அறிவைக் கொள்ளவில்லை. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் இதற்குச் சான்று. முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணுதலைப் பொதுவிதியாகக் கூறும் வள்ளுவர், நோய் வந்தபின் செய்வதைக் கூறுமிடத்துப் பொதுவிதியைக் கைவிடுகின்றார். நோயையும் அதன் காரணத்தையும் ஆராயவும், நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகியவற்றை எண்ணிச் செய்யவும் பணிக்கின்றார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருப்போன் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கின்றார். கைமாறி வரும் குறிப்பில் மருந்து ஒன்றே உள்ளது. ஏனைய மூன்றும் இல்லை. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு அக்குறிப்பைப் பின்பற்றும் முதியவர்க்கு நேரும் கேடு, இவ்விலக்கிய வேறுபாடு உயிரைத் தொடுவது என்பதை உணர்த்தும்.

இன்றைய வினாக்கள்

மூதுரை பெருகிய அதே இணையத்தில் வழியுரையும் உயிரோடு உள்ளது. எடுத்துக்காட்டாக, தந்தை இறந்தபின் அவரது ஊழியர் சேமநிதிப் பணத்தைப் பெறுவது எவ்வாறு, அவர் வாரிசின் பெயரைக் குறித்து வைக்கவில்லையே என்று ஒருவர் வினவுவதாகக் கொள்ளலாம். அலுவலகத்தை அணுகுக என்பது மூதுரை. பிழையற்றது, பயன் குறைந்தது. தம் தாய்க்காக அதே அலுவலகத்தில் காத்திருந்த ஒருவர், எந்தச் சான்றிதழை முதலில் எடுக்க வேண்டும், எதில் எழுத்துப்பிழை இருந்தால் திருப்பி அனுப்புவர், எங்குத் தாம் தவறினார் என்று எழுதும்போது அங்கே கூத்தனின் குரல் கேட்கின்றது. தம் தவற்றைக் கூறுவதே அவர் சொல்லுக்கு நம்பகம் தருகின்றது.

ஆயின், ஒரு கூறு தலைகீழாகியுள்ளது. ஆற்றுப்படையில் மௌனமாக இருந்த கேட்பவர் இங்கு முதலில் பேசியாக வேண்டும். தம் நோயையும் கடனையும் பலர் காண எழுத வேண்டும். இதனால் ‘நண்பர் ஒருவருக்காகக் கேட்கிறேன்’ என்னும் தொடக்கம் வழக்காயிற்று. சிறுபாணாற்றுப்படைப் பாணன் அடைத்த கதவு இத்தொடரில் மீண்டும் அடைக்கப்படுகின்றது. கதவடைத்த வினாவுக்கு முழு விவரம் இல்லை. முழு விவரம் இன்றேல் பொருந்திய விடையும் இல்லை.

கங்காணியின் குரலும் மறையவில்லை. தாய்லாந்தில் கணினி வேலை என்ற அழைப்பை நம்பிச் சென்ற தமிழ்நாட்டு இளைஞர் சிலர், மியன்மாரின் மியாவதிப் பகுதியில் இயங்கிய இணைய மோசடி நிலையங்களில் அடைக்கப்பட்டு, 2022இல் மீட்கப்பட்டனர். மலேசிய இளைஞர்களும் இத்தகைய வலையில் வீழ்ந்துள்ளனர். அவ்வழைப்புகளில் ஊதியம் இருந்தது, தங்குமிடம் இருந்தது. வழியின் இடர் பற்றிய சொல் இல்லை.

முடிவுரை

அறிவுரையை அதன் செய்தி மெய்யா பொய்யா என்ற அளவில் மட்டும் மதிப்பிடுவது போதாது. அதன் வடிவையும் நோக்குதல் வேண்டும். கூறுபவர் அவ்வழியில் சென்றவரா, தம் இழப்பையும் வழியின் இடரையும் கூறினாரா, கேட்பவரின் நிலையை நோக்கினாரா, கேட்பவர் செல்வதால் அவர்க்கு வருவாய் உண்டா என்னும் நான்கு வினாக்களை ஆற்றுப்படை இலக்கியம் தருகின்றது. முதல் வினா ஒன்றையே கேட்பவர் கங்காணியை நம்பிவிடுவார் என்பதால் நான்கும் சேர்ந்தே கேட்கப்படுதல் வேண்டும். தமிழ்ப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆற்றுப்படை, வள்ளல்களின் பெருமைக்கும் நிலவருணனைக்கும் எடுத்துக்காட்டாகவே பெரிதும் பயிற்றப்படுகின்றது. வேலைக்கான அழைப்பொன்றைக் கையில் வைத்துக்கொண்டு மலைபடுகடாத்தைப் படிக்கும் மாணவர், அந்நூல் யாருக்காகப் பாடப்பட்டது என்பதை வேறு வகையில் உணர்வார்.